கிளிநொச்சியில் ஐந்து இலட்சம் ரூபாயோடு என்ன தொழில் தொடங்கலாம்?

கேள்வி கேட்ட தங்கச்சி பரந்தன் பக்கமாம். சுவிஸில் இருக்கும் அண்ணன் ஐந்து இலட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பலசரக்குக் கடை போடலாமா, வேறு ஏதாவது பார்க்கலாமா, எங்கே பதிவது என்று கேட்டிருக்கிறார். நான் விசுவமடுப் பக்கம் மிளகாய், மா அரைக்கும் சின்ன மில் ஒன்று நடத்துகிறேன். வன்னியில் தொழில் செய்பவளாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என்ன தொழில் என்பதை விட, அந்தத் தொழிலில் கடன் கொப்பி எவ்வளவு தடிக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எங்கள் பக்கம் மாதச் சம்பளக்காரர் குறைவு. காசு நெல்லோடு வரும், நெல்லோடு போகும். புரட்டாதி, ஐப்பசியில் விதைப்பு. உழவு, விதை, உரம், மருந்து என்று வீட்டுக் காசெல்லாம் வயலுக்குள் போய்விடும், நகையும் அடைவுக்குப் போகும். கார்த்திகை, மார்கழியில் மழை, கூலி வேலையும் இராது. தை கடைசி தொடங்கிப் பங்குனி வரைக்கும் காலபோக வெட்டு, அதாவது மழைக்கால நெல் அறுவடை. ஊருக்குள் காசு புழங்குவது அப்போதுதான். குளத்துத் தண்ணீரில் கோடையில் செய்யும் சிறுபோகத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ, அதைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். உங்கள் வாடிக்கையாளரின் வயல் அதற்குள் வருமா வராதா என்பது உங்கள் கையில் இல்லை.

இப்போது பலசரக்குக் கடையை இந்தக் கணக்குக்குள் வைத்துப் பாருங்கள். சாமான் கொண்டுவரும் ஏஜெண்ட் காசையோ குறுந்தவணைக் காசோலையையோ கேட்பார். சனம் "வெட்டு முடியத் தாறன் பிள்ளை" என்று சொல்லிச் சீனியும் மாவும் கொண்டுபோகும். அதில் பொய் இல்லை, பெரும்பாலானோர் தந்தும் விடுவார்கள். ஆனால் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் அந்த ஐந்து இலட்சத்தில் பெரும் பங்கு கொப்பிக்குள் இருக்கும், தட்டு வெறுமையாக இருக்கும். தட்டு வெறுமையான கடைக்குக் காசு வைத்திருப்பவர் வரமாட்டார், கடன்காரர் மட்டும்தான் வருவார். பல கடைகள் நட்டத்தால் அல்ல, இப்படித்தான் பூட்டின.

"கடன் இல்லை" என்று எழுதி ஒட்டலாம்தான். மாமி முறையானவர் வந்து நின்றால் அந்த மட்டை என்ன செய்யும்? அதனால் கடனை ஒழிக்கப் பார்க்காமல் அளந்து வையுங்கள். முதலில் ஒரு தொகையைக் கடனுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லை வையுங்கள். பழையதில் பாதி வராமல் புதியது எழுதாதீர்கள். கொப்பியில் எழுதும்போது அவர் பார்க்கவே எழுதி, கூட்டுத்தொகையை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு சண்டை வராது. வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கும் கிழமையே போய் ஞாபகப்படுத்துங்கள். ஈர நெல்லை லொறிக்காரர் வயலிலேயே வாங்கிக் காசு கொடுத்துவிடுவார், இரண்டு கிழமையில் அது அடைவு மீட்கவும் உரக்கடைக்கும் போய் முடிந்துவிடும். பிந்திப் போனால் அடுத்த போகம்தான்.

நான் மில்லைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுதான் காரணம். மிளகாயும் மல்லியும் அவர்களே வறுத்துக் கொண்டு வருவார்கள், நாங்கள் அரைத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறோம். தட்டில் முதல் முடங்காது, கூலி சிறிய தொகை என்பதால் கடன் கேட்கவும் கூச்சப்படுவார்கள். தையல், சைக்கிள் திருத்துவது, போன் திருத்துவது எல்லாம் இதே வகை. 2022 இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டியபோது, இந்தியாவிலிருந்து வரும் செத்தல் மிளகாயின் விலையும் ஏறியது. தூள் பக்கற் போட்டு விற்றவர்களால் அதே முதல் காசில் முன்னையதை விடக் குறைவான மிளகாய்தான் வாங்க முடிந்தது. கூலிக்கு அரைத்தவர்களுக்கு அந்த இடி இல்லை. எங்களுக்கு அடித்தது கரண்ட் வெட்டு, 13 மணிநேரம் இல்லாத நாளும் இருந்தது. மில் போடுவதென்றால் மூன்று பேஸ் மின் இணைப்பு எடுக்கும் செலவை முதலில் விசாரியுங்கள். மெசின் விலையை மட்டும் கேட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

பக்கற்றில் போட்டு விற்கும் ஆசை இருந்தால் அரைக்கும் கூலி நிலைபெற்ற பிறகு கொஞ்சமாகத் தொடங்கலாம். நிறை, விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி எல்லாம் லேபலில் இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொடங்கும் முன்பே ஒருமுறை கூப்பிட்டு இடத்தைக் காட்டிவிடுங்கள். கட்டிய பிறகு சுவரை இடிக்கச் சொன்னால் செலவு உங்களுடையது.

காசு போதாமல் போனால் கிழமைத் தவணை நுண்கடன் பக்கம் போக வேண்டாம். போகத்துக்கு ஒருமுறை காசு வரும் ஊரில் கிழமைக்கு ஒருமுறை கட்டு என்றால் எப்படிக் கட்டுவது? ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்த பெண்கள் எத்தனை பேர். வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. சமுர்த்தி வங்கி, சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கம் இரண்டையும் முதலில் கேளுங்கள். பெரிய வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள். எங்களில் பலரிடம் இருப்பது உறுதி இல்லாமல் அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த பெர்மிட் காணி, அதை ஈடாக எடுக்கத் தயங்குவார்கள். அண்ணனின் காசையும் கடனாகவே கொப்பியில் எழுதுங்கள். சும்மா வந்த காசு என்று நினைத்தால் அது வீட்டுச் செலவுக்குள் கரைந்துவிடும்.

எப்போது திறப்பது என்றால் மாசி நல்லது. கையில் காசுள்ள சனத்தோடு பழகத் தொடங்கலாம். ஐப்பசியில் திறந்தால் முதல் நாளே கொப்பி வாங்க வேண்டி வரும்.

பதிவு பெரிய வேலை இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் படிவம் எடுங்கள், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் இடத்துக்கான ஆவணமும் கேட்பார்கள். வாடகை இடமென்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். வியாபார அனுமதிப்பத்திரம் பிரதேச சபையில், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பெயர் இரண்டு மூன்று யோசித்துக்கொண்டு போங்கள். அம்மன் பெயரில் ஏற்கெனவே நிறையக் கடைகள் இருக்கின்றன.