ரிப்பேருக்கு டாப்-அப்: பழைய பிக்கப்பைத் தின்னும் பழக்கம்

கேள்வி: ஒட்டன்சத்திரத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். மாதம் 22 நடை. 2017 மாடல் டீசல் பிக்கப், 2022-ல் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. 4 லட்சம் ஃபைனான்ஸ், 12% ஃபிளாட், 36 மாதம், தவணை 15,111 ரூபாய். ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை. கிளட்ச், டயர் என்று செலவு வந்தபோது அதே வண்டி மேல் இரண்டு முறை டாப்-அப் (பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு தரும் புதுக் கடன்) போட்டேன். ஒவ்வொரு முறையும் மறுபடி 4 லட்சம், 36 மாதம். கடைசிக் கடனில் 12 தவணை கட்டியிருக்கிறேன். இப்போது காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, வெள்ளைப் புகை வேறு. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரும் மாற்ற 55,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். ஃபைனான்ஸில் இன்னொரு டாப்-அப் தரத் தயார். அல்லது இதைக் கொடுத்துவிட்டு 2021 மாடல் பி.எஸ்.6 வண்டியை 7.5 லட்சத்துக்கு முன்பணம் இல்லாமல் எடுக்கச் சொல்கிறார்கள். மைத்துனர் தன் கடைக்காக என் ஆர்.சி. மேல் ஒரு லட்சம் வாங்கித் தரச் சொல்கிறார், தவணையை அவரே கட்டுவாராம். டீசல், டோல், மார்க்கெட் செலவு போக மாதம் 38,000 நிற்கிறது. வீட்டுக்கு 18,000 வேண்டும். அடுத்த வண்டிக்காக மாதம் 3,000-க்கு யூலிப் பாலிசி (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்தது) போடலாமா?

பதில்: ஒரு தவணையும் தவறவிடாதவர் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு இத்தனை பேர் கடன் தர வருகிறார்கள். உங்கள் சிக்கல் இன்ஜெக்டரும் அல்ல, வண்டியின் வயதும் அல்ல. செலவு வரும்போதெல்லாம் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு ஃபைனான்ஸுக்குப் போகும் பழக்கம்தான்.

12% ஃபிளாட் என்பதை முதலில் நேராக்கிக்கொள்வோம். வட்டி 4 லட்சத்துக்கும் மூன்று வருடத்துக்கும் சேர்த்து 1.44 லட்சம். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் வட்டி ஏறக்குறைய 21%. அதோடு, முதல் வருடத் தவணைகளில்தான் வட்டியின் பங்கு அதிகம். 12 தவணையில் நீங்கள் கட்டியது 1,81,000. அசலில் கழிந்தது சுமார் 1,06,000 மட்டும். பாக்கி 2,93,500 பக்கம் இருக்கும்.

இப்போது மூன்றாவது டாப்-அப் போட்டால் என்ன ஆகும்? புதுக் கடன் 4 லட்சத்தில் பழைய பாக்கி 2,93,500 போகும். முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் 4% என்றால் 11,700. டாக்குமென்ட், பிராசஸிங் என்று ஒரு 8,000. கையில் வருவது 87,000-க்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு நீங்கள் தரும் விலை என்ன? மீதியுள்ள 24 தவணையை எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள். அதற்கு மேல் 12 தவணை கூடுகிறது, அதாவது 1,81,000. இன்றைக்கு 87,000 வாங்கி, மூன்றாவது வருடத்தில் 1.81 லட்சம் திருப்பித் தருகிறீர்கள். இதே வேலையை ஏற்கெனவே இரண்டு முறை செய்தாயிற்று. நான்கு வருடம் ஓட்டிய பிறகும் கடன் 3 லட்சத்தை ஒட்டியே நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ரிப்பேர் திடீரென்று வருகிறது, என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழைய டீசல் வண்டியில் திடீர் ரிப்பேர் மிகக் குறைவு. பெரும்பாலானவை கிலோமீட்டர் கணக்கில் சொல்லிவிட்டு வருபவை. ஆயில், ஃபில்டர் 10,000 கி.மீ.க்கு 4,500 என்றால் கி.மீ.க்கு 45 பைசா. நாலு டயர் 30,000 ரூபாய், லோடு வண்டியில் 40,000 கி.மீ. ஓடினால் 75 பைசா. கிளட்ச் செட் கூலியோடு 14,000, 80,000 கி.மீ. ஓடினால் 18 பைசா. பிரேக், புஷ், பட்டை (லீஃப் ஸ்பிரிங்), பேரிங் எல்லாம் சேர்த்து 50 பைசா. இன்ஜெக்டர், டர்போ மாதிரிப் பெரிய வேலைக்கு 30 பைசா. இன்சூரன்ஸும் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலையும் வருடம் 43,000 என்று வைத்தால் 80 பைசா. இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டுமே 2022-ல் நிர்ணயித்தபடி 16,049, வரி தனி. 8 வருடம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி. உங்களுக்கு இனி வருடாவருடம். உங்கள் ஊர் விலையைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் கி.மீ.க்கு ஏறக்குறைய 3 ரூபாய் ஆகும். போக வர 200 கி.மீ., 22 நடை, மாதம் 4,400 கி.மீ.: 13,200 ரூபாய்.

ஆக 38,000-ல் தவணை 15,111, தேய்மானம் 13,200 போனால் மிச்சம் 9,700. வீட்டுக்கு வேண்டியது 18,000. மாதம் 8,300, வருடத்துக்கு ஒரு லட்சம் துண்டு விழுகிறது. அந்தத் துண்டைத்தான் டாப்-அப் அடைத்துக்கொண்டிருக்கிறது. கிளட்சுக்கும் டயருக்கும் கடன் வாங்கியதாக நினைக்கிறீர்கள். உண்மையில் அவற்றுக்கான பணம் வாடகையிலேயே வந்தது, வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது. விதைநெல்லைக் குத்திச் சமைப்பது மாதிரி.

முதல் வேலை, 55,000 என்ற எண்ணைக் குறைப்பது. நாலு இன்ஜெக்டரையும் சோதிக்காமல் மாற்றச் சொல்வது சோம்பேறித்தனம். காலையில் வெள்ளைப் புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள், காரணம் பல. குறைந்த செலவிலிருந்து தொடங்குங்கள். பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்து, செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா பாருங்கள். ஹீட்டர் பிளக் இருந்தால் மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தண்ணீர் இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். டேங்கிலிருந்து ஃபில்டர் வரும் வழியில் உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒரு துண்டு மாட்டினால், காற்றுக் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ரிட்டர்ன் டெஸ்ட்: நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நாலு பாட்டிலில் விட்டுச் சில நிமிடம் ஐட்லிங்கில் ஓட விடுங்கள். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டரைக் கழற்றி பம்ப்-நாசில் கடையில் சோதனை பெஞ்சில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் போயிருக்கும். மாட்டும்போது காப்பர் வாஷர் கட்டாயம் புதிது. இன்ஜெக்டரின் மேல் உள்ள கோட் எண்ணை ஸ்கேனர் வைத்து வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்கள். அது ஏற்றாவிட்டால் புது இன்ஜெக்டர் போட்டும் எஞ்சின் நடுங்கலாம். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் விவகாரம். அப்போது இன்ஜெக்டரில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

பில் 25,000, 30,000-க்குள் வந்தால், வீட்டு நகையில் கொஞ்சம் எடுத்து வங்கியில் வையுங்கள், தனியார் அடகுக் கடையில் அல்ல. 10% வட்டி என்றாலும் 30,000-க்கு ஆறு மாதத்தில் 1,500 ரூபாய். 87,000 வாங்கி 94,000 கூடுதலாகக் கட்டுவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

7.5 லட்சம் வண்டி இப்போது வேண்டவே வேண்டாம். உங்கள் பழைய வண்டிக்கு 3 லட்சம் கொடுத்தாலும் அது பழைய பாக்கிக்கும் முடிப்புக் கட்டணத்துக்கும்கூடப் பற்றாது. முன்பணம் இல்லை என்றால் 7.5 லட்சமும் கடன். 11% ஃபிளாட், 48 மாதம் என்று வைத்தால் தவணை 22,500. ஆயில் மாற்றுவதற்கு முன்பே வீட்டுச் செலவில் 2,500 குறைகிறது.

மைத்துனருக்கு: முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் ஒரு மாதம் தவறினால் அழைப்பு உங்களுக்கு வரும், சிபிலில் கறை உங்களுக்கு, வண்டியைத் தூக்கினால் நின்றுபோவது உங்கள் பிழைப்பு. உதவ மனமிருந்தால், திரும்பி வராது என்று நினைத்துக் கையிலிருந்து கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள். ஆர்.சி. அடமானத்துக்காக உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

யூலிப்? 21% கடன் தலைமேல் இருக்கும்போது, 5 வருடம் கைவைக்க முடியாத, சந்தையோடு ஏறி இறங்கும் திட்டத்தில் லோடு வண்டிக்காரர் பணம் போடுவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) என்று யாராவது மாற்றிச் சொன்னாலும் இதே பதில்தான். டயர் பணம் இருக்க வேண்டிய இடம் வேறொரு வங்கியில் தனிச் சேமிப்புக் கணக்கு, அதற்கு ஏ.டி.எம். கார்டும் வேண்டாம், ஃபோனில் யு.பி.ஐ.யும் வேண்டாம். ஒவ்வொரு நடை முடிந்ததும் 600 ரூபாய், அன்றைக்கே.

முதலில் அந்த 600 வலிக்கும், ஏனென்றால் துண்டு நிஜம். அதை அடைக்க வழி ரிட்டர்ன் லோடுதான். மதுரையிலிருந்து தீவனம், ஹார்டுவேர், காலி டிரே என்று மாதம் எட்டு ரிட்டர்ன், 1,200 வீதம் கிடைத்தால் 9,600. வெறும் வண்டியாகத் திரும்பும் 100 கி.மீ.க்கும் டீசலும் தேய்மானமும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. எனவே வாடகை பேசும்போது போகிற தூரத்தை மட்டும் சொல்லாதீர்கள். ஓவர்லோடில் ஈடுகட்டலாம் என்று நினைக்கவும் வேண்டாம். பட்டை, கிளட்ச், டயர் மூன்றும் அதில்தான் சீக்கிரம் போகின்றன. பிடிபட்டால் அபராதம் 20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

24 தவணை முடிந்ததும் அதே 15,000-ஐ ஆர்.டி.யில் 15 மாதம் போட்டால் 2.25 லட்சம். பழைய வண்டி விற்கும் பணத்தோடு சேர்த்தால் பாதிக்கு மேல் முன்பணம் தயார். அப்போது வண்டி பார்க்கப் போனால் விடியற்காலையில், எஞ்சின் சூடாகும் முன் போங்கள். சூடேற்றி நிறுத்தியிருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை விட்டு விட்டு வேகமாக அடிக்கக் கூடாது. அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இன்ஜெக்டர் மூன்றையும் பாருங்கள். பின்பட்டையில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் எக்ஸ்ட்ரா பட்டை இருந்தால் வண்டி ஓவர்லோடு அடித்தது. உடனே கீழே படுத்து, பட்டை மாட்டும் இடத்தில் சேசிஸில் வெல்டிங் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விலை பேசவே வேண்டாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விடும்போது கியர் நழுவுகிறதா, பின் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரம் ஊளையிடுகிறதா என்று கேளுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் எஃப்.சி., டாக்ஸ், இன்சூரன்ஸ், நிலுவைச் சலான், ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதற்கான) பதிவு எல்லாம் தெரியும்.

அன்றைக்குக் கடன் வாங்கினால் ஃபிளாட் வட்டி எவ்வளவு என்று கேட்காதீர்கள். 2024 அக்டோபர் முதல், கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதம் இருக்கும். இரண்டு இடத்தில் வாங்கி அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். கடனோடு ஒட்டித் தரும் இன்சூரன்ஸைக் கட்டாயம் என்றால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரமே ஃபைனான்ஸில் கணக்கு அறிக்கையையும் இன்றைய முடிப்புத் தொகையையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடைசித் தவணை கட்டியதும் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெச்.பி.யை நீக்கிவிடுங்கள். அது நீங்காத வரை, அடுத்த டாப்-அப்புக்கான ஃபோன் வந்துகொண்டே இருக்கும்.