ஹராரேயின் பாட்டிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருப்பூரில் மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு வேலை செய்பவள். போன மாதம் எங்கள் குழுக்களுக்கு மன அழுத்தம் பற்றி ஒருநாள் வகுப்பு எடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி, நேர நிர்வாகம், நல்லதையே நினைப்பது. எல்லோரும் செய்தார்கள். கிளம்பும்போது பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, "மூச்ச இழுத்து விட்டா வட்டி கொறையுமா கண்ணு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கஷ்டப்படும் மக்கள் நடுவே இதை வேறுவிதமாகச் செய்த நாடு ஏதாவது இருக்கிறதா? எங்களைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள முடியுமா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

அந்த அக்கா கேட்டது சரியான கேள்வி. மூச்சுப் பயிற்சியில் தவறில்லை. படபடப்பு தணியும், தூக்கம் வர உதவும். ஆனால் பாரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் நம்புகிறாரோ, அங்கேதான் அவர் வைத்தியத்தையும் தேடுவார். கம்போடியர்கள் பலர், உடம்பில் ஓடும் காற்று மேலேறி நெஞ்சை அடைத்துக் கழுத்து நரம்பை வெடிக்க வைத்துவிடும் என்று அஞ்சுவார்கள். சட்டென்று எழுந்தால் வரும் சாதாரணத் தலைசுற்றல்கூட அவர்களைப் பதறவைக்கும். அதனால் தைலம் தடவி, நாணயத்தின் விளிம்பால் முதுகிலும் கையிலும் அழுத்தித் தேய்த்துக் காற்றை இறக்குகிறார்கள். அமெரிக்காவில் இந்தச் சிவந்த கோடுகளைப் பார்த்து, பிள்ளையை யாரோ அடித்திருக்கிறார்கள் என்று எண்ணிய மருத்துவர்கள் உண்டு.

உங்கள் குழுக்களுக்கு நெருக்கமானது ஜிம்பாப்வே. அங்கே ஷோனா மொழி பேசும் மக்கள் மனம் பாரமாகிப்போகும் நிலையை 'குஃபுங்கிசிசா' என்பார்கள். கவலையை விடாமல் யோசித்துக்கொண்டே இருப்பது. யோசனைக்குப் பின்னால் கடன், எச்ஐவி, புருஷன் வேலை போனது என்று கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்று இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. 2005இல் அரசு தலைநகர் ஹராரேயிலும் பிற நகரங்களிலும் குடிசைகளையும் சந்தைக் கடைகளையும் இடித்தது. ஐநா கணக்குப்படி சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள். அப்போது நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டாவுக்கு 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதி சுகாதார நிலையத்தில் அறையும் கிடைக்கவில்லை, நர்ஸும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் நகராட்சியின் சுகாதாரப் பணியாளர்களாக இருந்த 14 பாட்டிகள். வெளியே ஒரு மரப் பெஞ்சு போட்டார்கள். மனநோய் என்ற பேச்சோடு தொடங்கியபோது மக்கள் ஒதுங்கினார்கள். 'நட்புப் பெஞ்சு' என்று பெயர் மாறிய பிறகு வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் வேலை 14 கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் அதிகம் யோசித்தீர்களா, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்ததா, வயிறு வலித்ததா, தூக்கம் கெட்டதா, அழ வேண்டும்போல இருந்ததா, வேலை பின்தங்கியதா என்று போகும். பதில் ஆம் அல்லது இல்லை. 1990களில் ஹராரேயில் வேலை செய்த நம் நாட்டு மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் அந்த ஊர் மக்களின் பேச்சிலிருந்தே தயாரித்த கேள்விகள் இவை. ஒன்பதோ அதற்கு மேலோ ஆம் வந்தவர்களைத்தான் பின்னால் நடந்த ஆய்வில் சேர்த்தார்கள்.

அடுத்தது மூன்று கட்டம். மனதைத் திறப்பது, தூக்கிவிடுவது, உறுதிப்படுத்துவது. முதல் கட்டத்தில் வந்தவர் தன் பிரச்சினைகளை எல்லாம் கொட்டுவார், பாட்டி குறுக்கிடமாட்டார். கடைசியில், "இதில் எதை முதலில் எடுக்கலாம்?" என்று மட்டும் கேட்பார். தேர்வு வந்தவருடையது. இரண்டாவது கட்டத்தில்தான் உண்மையான வேலை. எடுத்த ஒன்றுக்கு என்னென்ன வழி உண்டு என்று இருவரும் அடுக்கி, ஒன்றைத் தேர்ந்து, ஒரு வாரத்தில் முடிகிற காரியமாக நறுக்குவார்கள். மூன்றாவதில், போன வாரம் போட்ட திட்டம் நடந்ததா என்று பார்த்துத் தட்டிக்கொடுப்பது. மொத்தம் ஆறு அமர்வு. முடித்தவர்கள் விரும்பினால் ஒரு குழுவில் சேர்ந்து, பிளாஸ்டிக் கழிவிலிருந்து பை பின்னக் கற்றுக்கொண்டே பேசலாம். கொஞ்சம் காசும் வரும்.

24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 50 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதம். வழக்கமான சிகிச்சை என்றாலும் நர்ஸின் ஆலோசனையும் தேவைப்பட்டால் மருந்தும் அதில் உண்டு.

இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் பாட்டியின் அன்பில் உருகி, முறையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் கடும் வருத்தம். அன்பாகக் கேட்பவர்கள் நம் ஊரிலும் நிறைய. கேட்டு முடித்ததும் "எல்லாம் சரியாப்போயிடும், சாமிய கும்பிடு" என்பார்கள், அல்லது தனக்குத் தோன்றிய தீர்வைச் சொல்வார்கள். காரியம் கெடுவது அங்கேதான். பிறர் சொன்ன தீர்வு நடக்காவிட்டால் பழி சொன்னவர்மேல் விழும், வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

இன்னொரு தவறு, பிரச்சினையைப் பெரிதாகவே வைத்துக்கொள்வது. 'கடன் தீர வேண்டும்' என்பதை எடுத்துக்கொண்டால் ஆறு வாரமும் அழுதே தீர்ந்துவிடும். அந்த அக்காவுக்கு இப்படி நறுக்கலாம்: 'புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு, பாஸ்புக்கோடு கடன் கொடுத்த அலுவலகத்துக்குப் போய், அசல் பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதி வாங்குவது. மேனேஜர் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மறுபடி போவது.' நாள், நேரம், துணை, நடக்காவிட்டால் மாற்று, நான்கும் தாளில் இருக்க வேண்டும். வட்டி உடனே குறையாது. ஆனால் எவ்வளவு என்று தெரியாமல் இரவெல்லாம் புரள்வது குறையும், வட்டி அதிகமாகப் போட்டிருந்தால் அதுவும் அன்றே தெரியும்.

கட்டாயம் உங்கள் குழுக்களில் கவனிக்க வேண்டியது ஒன்று. தவணை வசூலிக்கும் தலைவியையோ கணக்கு எழுதுபவரையோ பேச்சு கேட்க உட்காரவைக்காதீர்கள். பாக்கி வைத்தவர் வாய் திறக்கமாட்டார். வேறு தெருவிலிருந்து, வட்டிக்குக் கொடுக்காத, கேட்டதை வெளியே சொல்லாதவர் என்று ஊர் நம்பும் நடுவயதுப் பெண்கள் இரண்டு பேர் போதும். பேச்சு காதில் விழாத, ஆனால் ஆள் கண்ணில் படும் இடமாகப் பாருங்கள். மூடிய அறைக்குள் போனால் உடனே வதந்தி கிளம்பும்.

பாட்டிகள் கேட்கும் அந்த 14 கேள்விகளில் பதினோராவது, தற்கொலை எண்ணம் வந்ததா என்பது. ஆம் என்றால் திட்டம் போடுவதை நிறுத்திவிட்டு, அவரைத் தனியே விடாமல் அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உட்காரப்போகும் பெண்களின் போனில் முதல் நாளே இதைப் பதிந்துகொடுங்கள்.