ஸ்பா ரிசார்ட்: அறை வாடகையை விட்டுவிட்டு முழு பில்லைப் பாருங்கள்

கேள்வி: மாலத்தீவில் இரண்டு ரிசார்ட்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று இரவுக்கு 300 டாலர், இன்னொன்று 420. இருவர், ஐந்து இரவு. விலை குறைந்ததையே எடுத்துவிடலாமா?

பதில்: அந்த 300-க்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் (++) இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சர்வீஸ் சார்ஜும் வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். மாலத்தீவில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் போட்டு, அந்தத் தொகையின் மேல் 17 சதவீத சுற்றுலா வரி போடுகிறார்கள் (2025 ஜூலை முதல் இந்த விகிதம்). 300 முதலில் 330 ஆகும், பிறகு 386 ஆகும். இதோடு ரிசார்ட்களில் ஆளுக்கு இரவுக்கு 12 டாலர் பசுமை வரி உண்டு. இருவருக்கு 24 சேர்த்தால் 410. உங்கள் 420 டாலர் ரிசார்ட் எல்லா வரியும் உட்பட்ட விலை என்றால், அறையில் மிச்சமாவது பத்து டாலர்தான்.

அடுத்தது போக்குவரத்து. விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போவது கடல் விமானத்திலா, ஸ்பீட்போட்டிலா? முதல் ரிசார்ட்டுக்குக் கடல் விமானம், போய்வர ஆளுக்கு 500 டாலர் என்றும், இரண்டாவதற்கு ஸ்பீட்போட், ஆளுக்கு 150 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் ரிசார்ட்டில் மசாஜ் தனிக் கட்டணம், ஒரு முறைக்கு 150++, அதாவது 193. ஆளுக்கு இரண்டு மசாஜ் என்றால் நான்குக்கு 772. இரண்டாவதில் அது பேக்கேஜிலேயே அடக்கம். இப்போது கூட்டுங்கள். முதலாவது 2050 + 1000 + 772, சுமார் 3820 டாலர். இரண்டாவது 2100 + 300, மொத்தம் 2400. மலிவு என்று தோன்றியது 1400 டாலருக்கு மேல் அதிகம்! உங்கள் இரண்டு ரிசார்ட்களின் உண்மையான எண்களை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். மூன்று இரவு மட்டும் தங்குபவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு இன்னும் பலமாக இடிக்கும்.

இன்னொன்று: கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலையில் போய் இறங்கினால் அன்றிரவு வேறு ஹோட்டலில் தங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவும் உங்களுடையது.

தாய்லாந்தில் இதே கூட்டல் குறிகள் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் 7 சதவீத வரி என்று மொத்தம் 17.7 சதவீதத்தைக் கூட்டும். பாலியில் பெரும்பாலும் 21 சதவீதம்.

கேள்வி: "ஸ்பா இலவசம்", "100 டாலர் ஸ்பா கிரெடிட்" என்றெல்லாம் பேக்கேஜ் விற்கிறார்களே, நம்பலாமா?

பதில்: பொய்யாக இருக்காது. ஆனால் அந்தச் சொற்களுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொண்டுதான் பணம் கட்ட வேண்டும். "ஸ்பா அனுமதி இலவசம்" என்பது பெரும்பாலும் சானா (உலர் வெப்ப அறை), ஸ்டீம் அறை, வெந்நீர்த் தொட்டி, ஓய்வறை வரைக்கும்தான். ஆள் வைத்துச் செய்யும் மசாஜ், ஃபேஷியல் எதுவும் அதில் வராது. ரிசார்ட்டுக்கு லாபம் வருவதே அவற்றில்தான்.

கிரெடிட் (ஸ்பாவில் கழித்துக்கொள்ளும் தொகை) என்றால் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். அது நாளுக்கா, தங்கும் காலம் முழுவதற்குமா? அறைக்கா, ஆளுக்கா? இன்று பயன்படுத்தாததை நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாமா? எந்த நேரத்திலும் செல்லுமா, அல்லது காலை பத்திலிருந்து இரண்டு மணிக்குள் மட்டுமா? பட்டியலில் மிகக் குறைந்த மசாஜே 140 டாலர் என்றால், 100 டாலர் கிரெடிட் உங்கள் கையிலிருந்து மீதி 40-ஐயும் அதற்கான வரியையும் வாங்குவதற்கான தள்ளுபடிச் சீட்டு மட்டுமே. "60 நிமிடம்" என்று எழுதியிருப்பதில் படிவம் நிரப்புவது, கால் கழுவுவது, கடைசியில் தேநீர் எல்லாம் அடக்கமா, அல்லது மேசையில் படுத்திருக்கும் நேரம் மட்டுமே அறுபதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பலர் கேட்கத் தவறுவது ஸ்பாவின் கொள்ளளவு. 120 அறைகள் உள்ள ரிசார்ட்டில் ஆறு சிகிச்சை அறைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு அறையிலும் நாளுக்கு எட்டுப் பேருக்குச் செய்யலாம் என்றால் மொத்தம் 48 இடம். ரிசார்ட் நிரம்பியிருக்கும் வாரத்தில் விருந்தினர்கள் 240 பேர். அப்படியானால் சராசரியாக ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் உங்கள் முறை வரும். "தினம் ஒரு மசாஜ்" என்று விளம்பரப்படுத்தும் இடத்தில் இந்தக் கணக்கு சரிப்படவில்லை என்றால் உங்களுக்குக் கிடைப்பது காலை எட்டு மணி அல்லது சாப்பாட்டு நேரம். மாலை நான்கிலிருந்து ஏழு வரை எல்லோரும் கேட்கும் நேரம், அதுதான் முதலில் நிரம்பும். ஆகவே அறை உறுதியான அன்றே மின்னஞ்சலில் மசாஜ் நேரங்களையும் பிடித்து, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் பேக்கேஜைப் பாதியில் விட்டுத் திரும்புகிறார்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் வெந்நீர் ஊற்று ஊர்கள் செலவு குறைவு என்கிறார்கள். கார்லோவி வாரி போகலாமா?

பதில்: என்ன எதிர்பார்த்துப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செக் நாட்டின் கார்லோவி வாரி அழகான ஊர். ஆனால் அதன் ஊற்றுகள் முதன்மையாகக் குடிப்பதற்கானவை. வ்ரீட்லோ என்னும் பெரிய ஊற்றின் நீர் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிப்பாக வரும். மூக்கு வைத்த கோப்பையில் பிடித்து, நடந்துகொண்டே சிறிது சிறிதாகக் குடிப்பார்கள். திறந்தவெளி வெந்நீர்க் குளத்தில் நாளெல்லாம் ஊறலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். உப்புச் சுவையுள்ள இந்த நீர் வயிற்றை இளக்கும். மருத்துவர் சொல்லாமல் லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டாம்.

ஊறுவதுதான் நோக்கம் என்றால் ஹங்கேரியைப் பாருங்கள். ஹேவீஸில் சுமார் 4.4 ஹெக்டேர் பரப்பில் இயற்கையான வெந்நீர் ஏரி இருக்கிறது. கோடையில் நீர் 35 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்திலும் வெதுவெதுப்பு போகாது. ஏரி ஆழமானது என்பதால் பெரும்பாலோர் மிதவை வளையத்தோடு இறங்குகிறார்கள். நாள் சீட்டு வாங்கிக் குளிக்கலாம் என்பதால் ஏரிக்கரை ஸ்பா ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பணத்துக்கு மதிப்பு என்று பார்த்தால் எங்கள் முதல் தேர்வு இந்த மாதிரி ஊர்கள்தான். வெந்நீர் பொதுவில் கிடைக்கிறது, எளிய விடுதியில் தங்கி, மசாஜை மட்டும் தேவைக்குத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். புடாபெஸ்ட்டில் 1913-இல் திறந்த செச்சேனி குளியலகமும் அப்படித்தான், நகரில் எங்கு தங்கினாலும் சீட்டு எடுத்து உள்ளே போகலாம்.

மத்திய ஐரோப்பிய ஸ்பா ஹோட்டல்களில் "சிகிச்சைத் தங்கல்" என்ற வகையும் உண்டு. மருத்துவர் பரிசோதித்து வாரத்துக்கு இத்தனை சிகிச்சை என்று எழுதிக்கொடுப்பார். உணவோடு சேர்த்து ஒரு வாரத்துக்கு எடுத்தால் ஒரு சிகிச்சைக்கு விழும் செலவு நன்றாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமை பல இடங்களில் சிகிச்சை கிடையாது, ஆகவே சனி வந்து திங்கள் கிளம்பும் தங்கலுக்கு இது வேண்டாம். இணையத்தில் கட்டிய தொகையில் ஊராட்சியின் தங்கல் வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது, ஹோட்டலில் கேட்பார்கள்.

கேள்வி: உடை விஷயத்தில் கூச்சமாக இருக்கிறது. எங்கே எப்படி?

பதில்: ஜெர்மனி, ஆஸ்திரியாவில் சானா பகுதி பெரும்பாலும் உடையில்லாத பகுதி, ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பார்கள், துண்டை விரித்து அதன்மேல் உட்கார வேண்டும். சில இடங்களில் பெண்களுக்கு மட்டும் என்று தனி நாள் உண்டு. ஜப்பானின் ஆன்சென் என்னும் வெந்நீர் ஊற்றுக் குளியலில் நீச்சலுடைக்கும் அனுமதியில்லை, ஆனால் பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனி. பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் விடமாட்டார்கள். அங்கே குடும்பமாகப் போகிறவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனிக் குளியலறை உள்ள விடுதியைத் தேடுங்கள். ஹங்கேரியின் பொதுக் குளங்களில் நீச்சலுடை வழக்கம்.

குழந்தைகளோடு போகிறீர்களா? ஸ்பா பகுதிக்கான குறைந்தபட்ச வயதை முன்பே கேளுங்கள். 16 அல்லது 18 என்றால் பெற்றோரில் ஒருவர் எப்போதும் வெளியேதான்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன். சானா, வெந்நீர்த் தொட்டியெல்லாம் ஆகுமா?

பதில்: முன்பதிவுக்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சானாவின் உள்ளே 80 முதல் 100 டிகிரி வரை சூடு இருக்கும். இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், மருந்தும் அழுத்தத்தை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. மருத்துவர் சரி என்றால் சானாவின் கீழ்ப்படி இருக்கையில் ஐந்து பத்து நிமிடம் போதும், மது கூடவே கூடாது. வெந்நீர்த் தொட்டி 40 டிகிரிக்கு மேல் இருந்தால் யாருமே இறங்க வேண்டாம். கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், இரண்டையும் தவிர்க்க வேண்டும். உங்களுக்கு அனுமதி இல்லை என்று தெரிந்தால் சானாவைப் பெரிதாகக் காட்டி விலை ஏற்றியிருக்கும் ரிசார்ட் உங்களுக்கு நஷ்டம். மசாஜும் தோட்டமும் நல்ல சாப்பாடும் உள்ள இடத்தைப் பாருங்கள்.

கேள்வி: பணம் கட்டும்போது எதில் கவனம் தேவை?

பதில்: ரத்து செய்ய முடியாத கட்டணம் பத்துப் பதினைந்து சதவீதம் குறைவாக இருந்தால், விசாவும் விடுமுறையும் கையில் வந்த பிறகு மட்டும் அதை எடுங்கள். இலவச ரத்துக்கான கடைசி நேரம் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி கணக்காகலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் தேதியில் ஸ்பாவிலோ குளத்திலோ பராமரிப்பு வேலை உண்டா, குளத்து நீர் சூடாக்கப்படுகிறதா என்று ரிசார்ட்டுக்கே எழுதிக் கேளுங்கள். பருவமில்லாத மாதங்களில் விலை இறங்குவதற்கு இந்தப் பராமரிப்பும் ஒரு காரணம். விருந்தினர் போட்ட படங்களைப் புதியது முதலாக வரிசைப்படுத்திப் பாருங்கள். ஓடு பெயர்ந்த ஸ்டீம் அறை அங்கேதான் தெரியும்.

கடைசி நாள் பில்லில் கார்டு இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்கும். உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டுப் பணம் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் நிறுவனம் போடும், அது பொதுவாக உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசம். அந்தப் பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே இருந்தால், மசாஜ் செய்தவருக்கு டிப்ஸ் என்று தனியாக ஓர் இடம் விட்டிருக்கும்போது அதை நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. கொடுக்க மனமிருந்தால் அவர் கையிலேயே கொடுங்கள்.