ஸ்வீட் கார்ன் விதை நேர்த்தி: கேள்வி பதில்

உடுமலை: ஐயா, பக்கத்து வயலில் தீவன மக்காச்சோளம் பழுதில்லாமல் முளைத்திருக்கிறது. என் ஸ்வீட் கார்ன் நூற்றுக்கு அறுபதுதான் வந்தது. ஏன்?

பதில்: இரண்டு விதையையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தீவன மக்காச்சோளம் பல்லைப் போலத் திரண்டிருக்கும். ஸ்வீட் கார்ன் வற்றலாகச் சுருங்கியிருக்கும். மிகை இனிப்பு ரகங்களில் சர்க்கரை முழுவதும் மாவாக மாறுவதில்லை. அதனால் முளைக்குக் கிடைக்கும் சேமிப்பு உணவு குறைவு. தோலும் எளிதில் விரிசல் விடும். ஈரம் வேகமாக ஏறினால் சர்க்கரை மண்ணில் கசியும், பித்தியம் என்ற, பூஞ்சை போன்ற அழுகல் கிருமி அதைத் தேடி வரும். முளைக்காத இடத்தைக் கிளறிப் பாருங்கள், விதை கூழாகியிருக்கும்.

இதைத் தடுக்க, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் போதும். ஆறிய வடிகஞ்சியைச் சிறிதளவு தெளித்து, அகலத் தட்டில் விரல் நுனியால் புரட்டுங்கள். அழுத்தித் தேய்த்தால் தோல் உடையும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்கும்வரை தண்ணீர் தேங்கக் கூடாது.

ஓசூர்: இளஞ்சிவப்பு நிற விதைக்கும் இதைச் செய்யலாமா? மார்கழியில் விதைக்கிறேன்.

பதில்: வேண்டாம். அதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கிறது. உறையில் மருந்தின் பெயரைப் படியுங்கள். கார்பென்டாசிம் என்றால் டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். மிஞ்சிய விதையைக் கோழிக்குப் போடாதீர்கள். மண் 16 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் விதைப்பைத் தள்ளிப்போடுங்கள்.

தேனி: இரவு முழுவதும் ஊறவைக்கலாமா?

பதில்: கூடாது.

ஒட்டன்சத்திரம்: எட்டு மணி நேரம் மட்டும்?

பதில்: அதுவும் ஊறல்தான். கூடாது.

திண்டுக்கல்: என் தாத்தா காலத்திலிருந்து ஊறவைத்துத்தான் விதைக்கிறோம். நீங்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள்.

பதில்: தாத்தா ஊறவைத்தது மாவு நிறைந்த விதை, அது தாங்கும். இது தாங்காது. 1990இல் அமெரிக்காவின் மோன்டானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதே மிகை இனிப்பு விதையில் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பூசி, அளவாக ஈரமேற்றி, பித்தியம் அழுகலைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அங்கே ஈரத்துக்கு ஓர் அளவு இருந்தது. குடத்தில் மூழ்கிக் கிடக்கும் விதைக்கு மூச்சுவிடக் காற்றுகூட இல்லை. என்னை நம்ப வேண்டாம். உங்கள் வயல் மண்ணையே இரண்டு தட்டில் நிரப்பி, ஒன்றில் ஊறிய விதை ஐம்பது, மற்றதில் நேர்த்தி செய்த விதை ஐம்பது ஊன்றுங்கள்.

பொள்ளாச்சி: பஞ்சகவ்யத்தில் ஊறவைக்கலாமா?

பதில்: மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், எதிலும் ஊறவைக்காதீர்கள். தெளித்துப் புரட்டி உலர்த்துங்கள்.

கம்பம்: படைப்புழுவுக்கு என்ன மருந்து?

பதில்: வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். இங்கே விதை மட்டும்.

திண்டுக்கல்: சரி ஐயா, தட்டில் வைத்துப் பார்க்கிறேன். எத்தனை நாள்?

பதில்: ஏழு நாள். இரண்டு தட்டின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.