மண்சரிவைக் கணக்கிடும் படிப்பு: ஒரு தந்தைக்கு எழுதிய மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

சிவில் பொறியியல் முடித்த தங்கள் மகள், கட்டமைப்புப் பொறியியலை விட்டுவிட்டு மண் இயக்கவியலில் முதுநிலை படிக்க விரும்புவது கலக்கம் தருவதாக எழுதியிருந்தீர்கள். மண்ணைச் சோதிக்க ஒரு முதுநிலைப் பட்டம் எதற்கு என்ற தங்கள் கேள்விக்கு, அத்துறையின் ஒரு கணக்கைக் கொண்டே விடை கூற விழைகிறேன்.

பிணைப்பற்ற மணற்பாங்கான மண் 20 பாகைச் சாய்வில் நீண்டு கிடப்பதாகவும், மண்துகள்கள் ஒன்றன்மீது ஒன்று சறுக்காமல் தடுக்கும் உராய்வின் அளவான உராய்வுக் கோணம் அதற்கு 36 பாகை எனவும் கொள்வோம். சறுக்கலைத் தடுக்கும் வலிமையைச் சறுக்கச் செய்யும் விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. உலர்ந்த நிலையில் இங்கு அது ஏறத்தாழ 2. விடாமழையில் நீர் மேற்பரப்பு வரை நிறைந்து சரிவுக்கு இணையாகக் கசியத் தொடங்கினால், மண்துகள்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் விசையில் ஏறக்குறைய பாதியை நீரழுத்தம் குறைத்துவிடுவதால், அதே காரணி 1-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது, சரிவு நிற்காது. நீலகிரியின் மண் இத்துணை எளியதன்று. எனினும் 2009 நவம்பர் பெருமழையில் அங்கு 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் மாண்டதற்குப் பின்னணியில் இருந்ததும் நீர்தான்.

களிமண்ணில் சறுக்குதளம், அதாவது மண் பிரிந்து சறுக்கும் பரப்பு, பெரும்பாலும் வட்டவில்லாக வளையும். அதன் மேலுள்ள மண்ணைச் செங்குத்துத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை, 1916-இல் சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகத்தில் கப்பல்துறை ஒன்று சரிந்ததை ஆராய்ந்ததில் வளர்ந்தது. 1955-இல் பிரிட்டன் பொறியாளர் பிஷப் அதைச் செம்மைப்படுத்தினார். இன்று கணினி ஏராளமான வட்டங்களை நொடிகளில் சோதித்துவிடும். ஆனால் எந்த உராய்வுக் கோணத்தை, எந்த நிலத்தடி நீர்மட்டத்தை அதற்குக் கொடுப்பது என்பதைத் துளையிட்டு எடுத்த மாதிரிகளையும் களத்தையும் பார்த்துப் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும். முதுநிலைப் படிப்பு பழக்குவது இந்தத் தீர்ப்பைத்தான்.

மலைச்சாலைகள், ரயில்வே கரைகள், அணைகள், நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கங்கள் ஆகியவற்றுக்கு இத்துறைப் பொறியாளர்கள் தேவைப்படுகிறார்கள். கட்டமைப்புத் துறையைவிட வேலையிடங்கள் குறைவு என்பதையும், மழைக்காலத்தில் களத்தில் நிற்க நேரும் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. சென்னை ஐஐடியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் இப்படிப்பு உண்டு. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வின் சிவில் பாடத்திட்டத்தில் சரிவு நிலைப்புத்தன்மையும் அடங்கும்.

மண் மாதிரியை மேலிருந்து அழுத்தியபடி பக்கவாட்டில் தள்ளி அதன் வலிமையை அளக்கும் டைரக்ட் ஷியர் சோதனையைத் தங்கள் மகள் இளநிலையில் செய்திருப்பார். அந்த ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்துவரச் சொல்லி, அதிலுள்ள உராய்வுக் கோணம் எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். அவர் ஆர்வத்தோடு விளக்கினால், தயங்காமல் விண்ணப்பிக்க விடுங்கள்.