ஈயக் குழாய் இருப்பது தெரிந்தும் படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டேன். வாங்கியவர் 31,000 டாலர் கேட்கிறார்

கேள்வி: சிகாகோவின் வடமேற்குப் பகுதியில் 1926-ல் கட்டிய டூ-ஃப்ளாட் வீடு. கீழே நாங்கள், மேலே சின்னக் குழந்தையோடு ஒரு வாடகைக் குடும்பம். எங்கள் தெருவில் நகரம் மெயின் குழாயை மாற்றியபோது, வீட்டுக்கு வரும் ஈயக் குழாயையும் காசில்லாமல் மாற்றித் தருகிறோம் என்றார்கள். புதிதாக டைல்ஸ் ஒட்டிய பேஸ்மென்ட் தரையை உடைக்க வேண்டும் என்றதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு அந்த மூலையில் டிரைவால் (ஜிப்சம் பலகை) அடித்து மூடினேன். போன ஆண்டு வீட்டை விற்றேன். வாங்கியவர் நம் ஊர்க்காரர். பொங்கலுக்கு என் வீட்டில் சாப்பிட்டவர். நகரத்தின் இலவசச் சோதனையில் முதல் பாட்டில் 4 பிபிபிதான் (நூறு கோடியில் 4 பங்கு ஈயம்) வந்தது (அடுத்த பாட்டில் 17). அதனால் வீட்டில் தெரிந்த குறைகளை விற்பவர் எழுதிக் கொடுக்கும் டிஸ்க்ளோஷர் படிவத்தில் ஈயம் பற்றிய வரியில் ‘இல்லை’ என்று போடச் சொன்னார் ஏஜென்ட், போட்டேன். விற்று 10 மாதம் கழித்து, குழாய் மாற்ற 31,000 டாலரும் வக்கீல் செலவும் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘ஆஸ்-இஸ்’ (இருக்கிறபடியே) என்று சொல்லித்தானே விற்றேன்? ஈயக் குழாய்தான் போட வேண்டும் என்று 1986 வரை கட்டாயப்படுத்தியதே நகரம்தானே, அவர்கள் மேல் கேஸ் போட முடியாதா? இன்னும் இரண்டு மாதம் இழுத்தால் வழக்குப் போடும் கெடு முடிந்துவிடும் என்கிறார் நண்பர். மேல் வீட்டுக் குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் கூடுதல் என்று ஒருமுறை சொன்னார்கள். அது வேறு கதை.

பதில்:

பொங்கல் சாப்பாட்டை எந்தக் கோர்ட்டும் கேட்காது. 1986 வரை நகரம் கட்டாயப்படுத்தியது உண்மை. நாட்டிலேயே அதிகமாக, சுமார் 4 லட்சம் ஈய இணைப்புகள் சிகாகோவில் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் மெயினிலிருந்து நடைபாதையோரம் உள்ள பஃபலோ பாக்ஸ் (தண்ணீரை அடைக்கும் வால்வுப் பெட்டி) வரைதான் நகரத்தின் பொறுப்பு. அங்கிருந்து உங்கள் மீட்டர் வரை குழாய் உங்களுடையது. மெயினை மாற்றும் வேலையால் ஈயக் குழாய்களின் ஆபத்து கூடிவிட்டது என்று வீட்டுக்காரர்கள் நகரத்தின் மேல் போட்ட பெர்ரி வழக்கை இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2020-ல் தள்ளிவிட்டது. ஆபத்து கூடியது என்பது மட்டும் நஷ்டஈடு கேட்கத் தகுந்த காயம் ஆகாது என்றார்கள். ஆகவே நகரத்தை விடுங்கள்.

உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்த ‘இல்லை’யைப் போட்ட நாளில் உங்களுக்கு என்ன தெரியும்?

படிவத்தில் இருக்கும் வரி, ‘ஈயக் குழாய் இருக்கிறதா’ என்று கேட்கவில்லை. ஈயப் பெயின்ட், ஈயத் தண்ணீர்க் குழாய் இவற்றால் பாதுகாப்பற்ற அளவோ பாதுகாப்பற்ற நிலையோ இருப்பது தெரியுமா என்று கேட்கிறது. ஏஜென்ட் சொன்னதற்கு ஆதாரம் அந்தச் சொற்கள்தான்: குழாய் ஈயம் என்று தெரியும், ஆபத்து என்று தெரியாது. வேறொருவர் வீடாக இருந்தால் இந்த வாதம் கொஞ்ச தூரம் ஓடும். ‘தெரியும்’ என்பதற்கு, அந்தப் படிவத்தைக் கேட்கும் டிஸ்க்ளோஷர் சட்டம் தரும் பொருளும் விற்பவருக்குச் சாதகமானது. நேரடியாகத் தெரிந்திருந்தால்தான் பொறுப்பு, தேடிக் கண்டுபிடிக்கும் கடமை இல்லை. பழைய சிகாகோ வீடு என்றால் எல்லாருக்கும் தெரியுமே என்பதை வைத்து மட்டும் உங்களைப் பிடிக்க முடியாது.

உங்களைப் பிடிப்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட வேவர், அதாவது குழாயை மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த மறுப்பு. மெயினை மாற்றும்போது ஈய இணைப்பையும் முழுதாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக்காரரிடம் மறுப்பு எழுதி வாங்க வேண்டும் என்பது இல்லினாய் சட்டம். அந்தப் படிவம் சும்மா ‘வேண்டாம்’ என்று எழுதும் சீட்டு இல்லை; ஈயத்தால் வரும் ஆபத்து எனக்குத் தெரிவிக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும் காகிதம். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை தயாரித்தது. அதன் நகல் நகரத்தின் கோப்பில் இருக்கிறது. வாங்கியவரின் வக்கீலுக்கு அது இன்னும் கிடைத்திருக்காவிட்டாலும், வழக்குப் போட்ட பின் ஒரு சப்பீனா (ஆவணத்தைக் கொடுக்கச் சொல்லும் கோர்ட் உத்தரவு) போதும்.

4 பிபிபி கணக்கையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். முதல் பாட்டிலில் வருவது பெரும்பாலும் சமையலறைக் குழாயிலும் உள்குழாயிலும் நின்ற தண்ணீர். தெருவிலிருந்து வரும் ஈயக் குழாயில் இரவெல்லாம் நின்ற தண்ணீர் சில லிட்டர் கழித்துத்தான் வரும். சிகாகோ வீடுகளிலேயே மத்தியச் சுற்றுச்சூழல் முகமை நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பக்கத்தில் தோண்டிக் குலுக்கிய குழாய்களில் அளவு ஏறுவதையும் காட்டியது. உங்கள் 17-க்கு விளக்கம் அதுதான். மத்திய விதியில் உள்ள 15 பிபிபி என்பதும் குடிக்கலாம் என்ற எல்லை அல்ல, தண்ணீர் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு. சுகாதார இலக்கு பூஜ்யம். புதிய மத்திய விதியில் அந்த 15-ம் 10 ஆகிறது. அரசு அமைப்பு தந்த தகவலை நம்பினேன் என்றால் தப்பிக்க டிஸ்க்ளோஷர் சட்டத்தில் வழி உண்டுதான். ஆனால் உங்களுக்கு அரசு அமைப்பு தந்த தகவலே 17. நகரம் இந்த முடிவுகளை வீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்து இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை வீடு சோதனைக்குக் கொடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

டிரைவால் விஷயம் இன்னும் மோசம். பேஸ்மென்ட் சுவரோரம் மீட்டருக்கு முன்னால் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு குழாய், வால்வுக்குச் சற்று முன்னே வெங்காயம் போலப் புடைத்த ஒட்டு. காசால் சுரண்டினால் வெள்ளி போல மின்னும், காந்தம் ஒட்டாது. எந்த வீட்டு இன்ஸ்பெக்டரும் ஒரு நிமிடத்தில் ‘ஈயம்’ என்று எழுதிவிட்டுப் போவார். அது கண்ணுக்குத் தெரிந்திருந்தால், வாங்கியவர் பார்த்துத்தானே வாங்கினார் என்று சொல்லலாம், மோசடி வாதம் பாதி விழுந்திருக்கும். வேவருக்குப் பின், விற்பனைக்கு முன், நீங்கள் அதை மூடியிருக்கிறீர்கள். அழகுக்காக மூடினேன் என்பது உண்மையாகவே இருக்கலாம். தேதிகளை வரிசையாக எழுதிக் காட்டினால் ஜூரி அப்படிப் படிக்காது. டிரைவால் வாங்கிய ரசீதின் தேதியை இன்றே பாருங்கள்; வேவருக்கு முந்தையது என்றால் கதை கொஞ்சம் மாறும். வாங்கியவரின் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். டிரைவாலை மீறி இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தால் உங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

‘ஆஸ்-இஸ்’ என்பது தெரிந்தே சொன்ன பொய்யைக் கழுவாது. இது போதும் அதைப் பற்றி.

இனி இரண்டு மாதக் கணக்கு. டிஸ்க்ளோஷர் சட்டத்தின் கீழ் ஒரு வருடம் என்பது சரிதான். குடிவந்த நாள், சுவாதீனம் எடுத்த நாள், பத்திரம் பதிவான நாள், இவற்றில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். ஆனால் பொது மோசடி வழக்குக்குக் கெடு 5 வருடம். இழுத்தடிக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் செய்வது வழக்கைத் தாக்கல் செய்வதுதான், கெடு ஓடாமல் இருக்க. தாக்கல் ஆகிவிட்டால் வக்கீல் செலவு உங்கள் தலையில் விழ வாய்ப்பு திறக்கிறது. தெரிந்தே மீறியவரிடமிருந்து நஷ்டத்தோடு வக்கீல் கட்டணமும் வாங்கித் தரக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. குழாய்க்கான செலவைவிட வக்கீல் செலவு பெரிதாகும் வழக்கு இது.

இதுவரை சொன்னது 31,000 டாலரைப் பற்றி. கட்சிக்காரர்கள் விழும் பெரிய குழி வேறு இடத்தில் இருக்கிறது; ‘வேறு கதை’ என்று நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன இடத்தில்.

மேல் வீட்டுக் குழந்தையின் ரத்த அளவு. நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனிக்கச் சொல்லும் அளவு இப்போது டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். அதைத் தாண்டிய அறிக்கை அந்தக் குடும்பத்திடம் இருந்தால், அது முடிந்த கதை அல்ல. இல்லினாயில் மைனரின் காயத்துக்குக் கெடு 18 வயது வரை ஓடாது, அதற்குப் பின் 2 வருடம். இன்று 3 வயதுக் குழந்தை என்றால் இன்னும் 17 வருடம் உங்கள் தலைக்கு மேல் தொங்கும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாங்கியவரின் வழக்கு கோர்ட்டுக்குப் போனால் வேவர், 17 பிபிபி, டிரைவால் மூன்றும் பொதுப் பதிவேட்டில் ஏறும். உங்களை உட்காரவைத்துச் சத்தியத்தின் மேல் கேள்வி கேட்பார்கள்: இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றபோது மேல் வீட்டில் குழந்தை இருந்ததா? அவர்களிடம் சொன்னீர்களா? அந்தப் பதில் வாங்கியவரோடு நிற்காது. வாடகைக் குடும்பத்தின் வக்கீல் தனியாகத் தேட வேண்டிய வேலையை இந்த வழக்கு இலவசமாக முடித்துக் கொடுக்கும்.

அந்த வழக்கு வந்தால் ஜெயிப்பார்களா என்பது தனிக் கேள்வி. 1926 வீட்டில் முதல் சந்தேகம் ஜன்னல் சட்டத்துப் பெயின்ட் மேல்தான் விழும், தண்ணீர் மேல் அல்ல. அதையும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்: 1978-க்கு முந்தைய வீட்டை வாடகைக்கு விட்டபோது மத்தியச் சட்டப்படி கொடுக்க வேண்டிய ஈயப் பெயின்ட் படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்களா? அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இல்லை என்றால் இப்போது புதிதாகத் தயாரிக்காதீர்கள். பழைய தேதி போட்டு ஆவணம் செய்தவரை எந்த வக்கீலாலும் காப்பாற்ற முடியாது.

அந்தக் குடும்பத்தை இப்போது கூப்பிட்டுப் பேசுவதும் கூடாது. ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து ‘இனி எதுவும் கேட்கமாட்டோம்’ என்று பெற்றோரிடம் எழுதி வாங்கலாம் என்று உங்கள் நண்பர் அடுத்துச் சொல்வார். மைனரின் உரிமையை கோர்ட் அனுமதி இல்லாமல் பெற்றோர் விட்டுக்கொடுக்க முடியாது. அந்தக் காகிதம் உங்களைக் காக்காது, உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சியாகும். செய்ய வேண்டியது, அந்த வருடங்களில் இருந்த வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுப்பது. ஈயத்துக்கு விலக்கு இருக்கும் பாலிசிகள் நிறைய. இருந்தாலும் எழுதுங்கள், தாமதமாகச் சொன்னீர்கள் என்ற காரணத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஏஜென்ட்டும் வாங்கியவரும் அனுப்பிய எதையும் அழிக்காதீர்கள். வாங்கியவருக்கு இனி நேரடியாகப் பதிலும் போடாதீர்கள், பழகியவர் என்றாலும்.

ஆகவே சமாதானம். கோர்ட்டுக்கு வெளியே, இந்த மாதமே. சமாதானப் பேச்சில் சொல்வதைப் பின்னால் பொறுப்புக்குச் சாட்சியாக எடுக்க முடியாது என்ற பாதுகாப்பு இல்லினாய் சாட்சிய விதி 408-ல் இருக்கிறது. வக்கீல் மூலம், எழுத்தில் அப்படிக் குறித்தே பேசுங்கள்.

31,000-ஐ அப்படியே கொடுக்கத் தேவையில்லை. உங்களிடம் ஒரு நல்ல துருப்பு இருக்கிறது: நஷ்டம் என்பது குழாய் மாற்றும் செலவா, வீட்டின் மதிப்பில் விழுந்த குறைவா? அந்தத் தெருவில் பழைய வீடுகள் பெரும்பாலும் ஈயக் குழாயோடுதான் அதே விலைக்கு விற்றிருக்கின்றன என்றால், மதிப்புக் குறைவு சொற்பம். எதிர்த் தரப்பு பதிலுக்கு, நகரம் மாற்றும்வரை காத்திருக்க முடியாது என்று சொல்லும். நகரத்தின் திட்டமே 2076 வரை நீள்வதால் அதில் நியாயம் உண்டு. இந்த இழுபறியில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவில் வந்து நிற்கும். முழுத் தொகையையும் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும் யோசியுங்கள். 20,000-க்குள் முடிந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். எஸ்க்ரோவில் (இருவருக்கும் பொதுவான மூன்றாம் நபரின் கணக்கில்) போட்டு, மெயினிலிருந்து மீட்டர் வரை முழு இணைப்பும் செம்பாக மாறி நகர இன்ஸ்பெக்ஷன் முடிந்ததும் காண்ட்ராக்டருக்குப் போகும்படி எழுதுங்கள். அவர் பாக்கெட்டுக்குப் போனால் குழாய் அங்கேயே இருக்கும், அடுத்து வாங்குபவர் உங்களைத் தேடி வருவார். வீட்டுக்காரரே மாற்றும் திட்டத்தில் டூ-ஃப்ளாட்டுக்கு நகரம் பர்மிட் கட்டணத்தை விட்டுக்கொடுக்கிறது. முழு இணைப்பும் மாற வேண்டும், லைசென்ஸும் பாண்டும் (வேலைக்கான பிணை) உள்ளவர் செய்ய வேண்டும். 31,000 என்ற மதிப்பீட்டில் அந்தக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்; சேர்ந்திருந்தால் அதை நீக்கச் சொல்லிச் சில ஆயிரம் குறைக்கலாம். பாதிக் குழாய் மட்டும் மாற்றும் மலிவு மதிப்பீட்டை யாராவது நீட்டினால் தொடாதீர்கள். சட்டமும் அனுமதிக்காது, வெட்டிய ஈயமும் புதுச் செம்பும் சேரும் இடத்தில் தண்ணீரில் ஈயம் கூடத்தான் செய்யும்.

சில்லறைச் செலவுகளை யார் ஏற்பது என்பதை இப்போதே எழுதாவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி கடிதம் வரும். பேஸ்மென்ட் கான்கிரீட்டை மூடுவது காண்ட்ராக்டர் பொறுப்பு. டைல்ஸும் டிரைவாலும் வாங்கியவர் பொறுப்பு என்று தெளிவாகப் போடுங்கள். பழைய வீடுகளில் மின்சாரத்தின் எர்த் இணைப்பு அந்த ஈயக் குழாயில்தான் பிடித்திருக்கும். குழாயை எடுக்கும் அன்று எலக்ட்ரீஷியன் வந்து புதுக் குழாயில் இணைத்து, மீட்டரைச் சுற்றி ஜம்பர் (இணைப்புக் கம்பி) போட வேண்டும். பிளம்பர் மதிப்பீட்டில் இது பெரும்பாலும் இருக்காது. வேலை முடிந்தபின் குழாய் முனை வலைகளைக் கழற்றித் தண்ணீரை நன்றாக ஓடவிடுவது, ஈயத்துக்குச் சான்று பெற்ற ஃபில்டர் 6 மாதத்துக்கு, மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு மறுசோதனை, இவற்றையும் சேருங்கள். அந்த மறுசோதனையில் என்ன எண் வந்தாலும் அது புதிய உரிமை கோரலுக்குக் காரணம் ஆகாது என்ற வரி கட்டாயம் வேண்டும்.

இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று வாங்கியவர் தரப்பு எழுதித் தரும் விடுவிப்புப் பத்திரத்தில், வீட்டுப் பத்திரத்தில் பெயர் உள்ள இருவரும், கணவனும் மனைவியும், கையெழுத்துப் போட வேண்டும். டிஸ்க்ளோஷர் சட்டம், மோசடி, வக்கீல் கட்டணம் மூன்றையும் பெயர் சொல்லியே விடுவிக்க வேண்டும். பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வாசகமும் ரகசியம் காக்கும் வாசகமும் வேண்டும். ஏஜென்ட் மேல் உங்களுக்கு உள்ள உரிமையை இந்தப் பத்திரத்தில் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். ‘இல்லை என்று போடுங்கள்’ என்று அவர் சொன்னது மெசேஜில் இருந்தால், கொடுத்த தொகையில் ஒரு பங்கை அவருடைய இன்ஷூரன்ஸிடம் கேட்க முடியும். வேவரைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லவில்லை என்றால் அந்தக் கதவும் மூடியதுதான்.