ஹாம்லெட்டின் முதல் காட்சியை வகுப்பில் எடுப்பது

அன்புள்ள ஐயா,

இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் ஹாம்லெட் எடுக்கிறேன். ஷேக்ஸ்பியர் வாழ்க்கை, எலிசபெத் காலம், துன்பியல் பற்றி அரிஸ்டாட்டில் சொன்னது, கதைச்சுருக்கம் என்று முதல் வாரம் போய்விட்டது. பிறகு முதல் காட்சியை வரிவரியாக வாசித்துப் பொருள் சொன்னேன். நார்வேயின் ஃபோர்டின்பிராஸ் பற்றிய நீண்ட பேச்சு வந்ததும் வகுப்பே கண்ணயர்ந்துவிட்டது. நாயகன் எட்டிக்கூடப் பார்க்காத காட்சி இது. அடுத்த ஆண்டு இதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு நேராக இரண்டாம் காட்சிக்குப் போய்விடலாமா? எப்படியும் மூன்று வகுப்புக்கு மேல் ஒதுக்க முடியாது.

ம.

அன்புள்ள ம.,

காட்சியை விடவேண்டாம். அதற்கு முன்னால் எடுத்த அந்த ஒரு வாரத்தை விட்டுவிடுங்கள்.

இது தெரியாதவர்களின் காட்சி. எதிரில் நிற்பவன் யாரென்று தெரியாது. வந்துபோனது என்னவென்று தெரியாது. ஊரில் ஏன் இரவுபகலாகப் பீரங்கி வார்க்கிறார்கள் என்பது பாராவில் நிற்பவனுக்கே தெரியாது. கதைச்சுருக்கம் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கோ எல்லாம் தெரியும். ஆவி வரும், அது ஹாம்லெட்டின் அப்பா, கொன்றது சித்தப்பா. அப்புறம் அவன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? 1948இல் லாரன்ஸ் ஒலிவியே இயக்கி நடித்த ஹாம்லெட் படத்தையும் இதே காரணத்துக்காக முதலில் போடாதீர்கள். முடிவெடுக்க முடியாத ஒரு மனிதனின் கதை இது என்று தொடக்கத்திலேயே ஒரு குரல் தீர்ப்புச் சொல்லிவிடும். அதைக் கேட்ட வகுப்பு ஐந்து அங்கத்திலும் தாமதத்தை மட்டுமே தேடிக்கொண்டிருக்கும்.

முதல் வகுப்புக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். ஹாம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோவும் காவலன் மார்செலஸும் வருவதற்கு முன்னால் உள்ள பத்துப் பன்னிரண்டு வரிகளை மட்டும், பேசுபவர் பெயர்களை எடுத்துவிட்டு அச்சடித்துக் கொடுங்கள். இரண்டு பேர் பேசுகிறார்கள், ஒருவன் பாராவில் நிற்பவன், மற்றவன் அவனை மாற்ற வந்தவன் என்று மட்டும் சொல்லுங்கள். 'யாரது?' என்ற முதல் வரி யாருடையது? பெரும்பாலும் எல்லோரும் பாராக்காரனுடையது என்றுதான் எழுதுவார்கள். நியாயம்தான், கேட்கவேண்டியவன் அவன்தானே. பத்து நிமிடம் கொடுங்கள். 'மணி பன்னிரண்டு அடித்துவிட்டது, போய்ப் படு' என்பதும், 'விடுவித்ததற்கு நன்றி, கொடும் குளிர், மனசும் சரியில்லை' என்பதும் அதே தாளில்தான் இருக்கின்றன. அவற்றிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் கணக்கு இடிக்கும். கேட்டவன் வந்தவன், அதாவது பெர்னார்டோ. பாராவில் நிற்கும் ஃபிரான்சிஸ்கோ, 'இல்லை, நீ சொல், நில்' என்று திருப்பிக் கேட்கிறான்.

இங்கே நிறுத்தி, வந்தவன் ஏன் கேட்டான் என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அடுத்த சில வரியில் அவன் ஹொரேஷியோவையும் மார்செலஸையும் சீக்கிரம் வரச்சொல்லி அனுப்புகிறான். தனியாக நிற்க அவனுக்கு மனமில்லை என்பதை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார்கள். (அந்த இடத்தில் 'ரைவல்ஸ்' என்ற சொல் பாராவில் உடன் நிற்பவர்கள் என்ற பொருளில் வருகிறது. மாணவர்கள் எதிரிகள் என்று எடுத்துக்கொண்டு குழம்புவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.)

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது 1603இல் வந்த முதல் குவார்ட்டோவின் (நாடகம் தனி நூலாக அச்சான முதல் பதிப்பு) தொடக்கத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதில் பாராக்காரன் 'நில், யாரது?' என்கிறான், வந்தவன் 'நான்தான்' என்கிறான். எல்லாம் ஒழுங்கு. அடுத்து வந்த இரண்டாம் குவார்ட்டோவில் இருக்கும் தலைகீழ் வரிசை என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

இரண்டாம் வகுப்பு நடிப்பு. விளக்கை அணைக்காதீர்கள், ஜன்னலைச் சாத்தாதீர்கள். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனின் குளோப் அரங்கில் இந்த நாடகம் கூரையில்லாத முற்றத்தில், பிற்பகல் வெளிச்சத்தில் நடந்தது. இருட்டும் குளிரும் பேச்சிலிருந்துதான் வரவேண்டும். இருவரைப் பதினைந்தடி தள்ளி, முதுகு காட்டி நிற்கவையுங்கள். முதல் தடவை கட்டாயம் கத்துவார்கள், வகுப்பு சிரிக்கும். பேய்ப்படப் பழக்கம். இரண்டாம் தடவை, அடுத்த அறைக்குக் கேட்காத குரலில், ஆனால் வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். வரிகள் குட்டையாக இருப்பது ஏனென்று அப்போது தானாகப் புரியும்.

ஆவி வரும் இடத்தில்தான் பெரும்பாலான வகுப்புகள் கெட்டுப்போகின்றன. 'இப்போது ஆவி வருகிறது' என்று ஆசிரியரே அறிவித்துவிடுவார். நாடகத்தில் நடப்பது வேறு. பெர்னார்டோ எல்லோரையும் உட்காரவைத்து, நேற்றிரவு நடந்ததை நிதானமாகச் சொல்ல ஆரம்பிக்கிறான். துருவ மீனுக்கு மேற்கே உள்ள அந்த நட்சத்திரம், மணி ஒன்று அடிக்க... அந்த வாக்கியம் முடிவதே இல்லை. ஆகவே ஒரு மாணவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவையுங்கள்: 'ஒன்று' என்ற சொல் கேட்டதும் பின்வரிசையிலிருந்து எழுந்து, யாரையும் பார்க்காமல், மெதுவாக நடந்து வாசல்வழியே போய்விட வேண்டும். வாயே திறக்கக்கூடாது. இந்தக் காட்சியில் ஆவி இரண்டு முறை வருகிறது, ஒரு சொல்கூடப் பேசுவதில்லை.

மிச்ச நேரம் ஹொரேஷியோவுக்கு. பேசு என்று மற்றவர்கள் அவனைத் தள்ளுவது அவன் படித்தவன் என்பதால். ஆவியிடம் பேச லத்தீன் வேண்டும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. அவனும் ஹாம்லெட்டும் படித்த விட்டன்பர்க், லூதர், உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விட்டன்பர்க்கின் பெயரே இரண்டாம் காட்சியில்தான் வருகிறது. இப்போது ஒரு வேலை மட்டும் கொடுங்கள். வரும்போதே கிண்டல் செய்கிறான், அதெல்லாம் வராது என்கிறான், வந்ததும் வெளிறி நடுங்குகிறான், என் கண்ணாலேயே பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன் என்கிறான், கடைசியில் மார்செலஸ் சொல்லும் நம்பிக்கை ஒன்றைக் கேட்டுப் 'பாதி நம்புகிறேன்' என்கிறான். எந்த வரியில் அவன் மாறினான்? வரி எண்ணோடு எழுதித் தரச்சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு வரி சொல்வார்கள், சண்டை வரும். வரட்டும்.

மூன்றாம் வகுப்பில்தான் உங்கள் ஃபோர்டின்பிராஸ். ஏறக்குறைய முப்பது வரி, ஒப்பந்தம், பறிமுதல் என்று பத்திரப்பதிவு அலுவலக மொழி. வரிவரியாகப் போனால் எந்த வகுப்பும் தூங்கும். தகவல் ஐந்துதான். பழைய நார்வே மன்னன் ஃபோர்டின்பிராஸ் சவால் விட்டான். பழைய ஹாம்லெட் அவனைக் கொன்றான். முத்திரையிட்ட ஒப்பந்தப்படி நிலம் டென்மார்க்குக்கு வந்தது. மகன் ஃபோர்டின்பிராஸ் கிடைத்த ஆட்களைத் திரட்டுகிறான். அதற்காகத்தான் இந்தக் காவல். மாணவர்கள் தடுக்கி விழுவது சொற்களில் என்பதைவிடப் பெயர்களில்தான். இரண்டு ஹாம்லெட், இரண்டு ஃபோர்டின்பிராஸ். காட்சியில் 'நம் வீர ஹாம்லெட்' என்று வருவது செத்துப்போன தகப்பன். மகனின் பெயர் கடைசிப் பத்து வரிக்குள்தான் வருகிறது. கரும்பலகையில் தகப்பன், மகன் என்று இரண்டு பத்தி போட்டு நாலு பெயரையும் எழுதுங்கள். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் தகப்பன் போலோனியஸ், மகன் லேர்ட்டஸ் என்ற குடும்பம் வரும்போது மூன்றாவது வரிசை சேர்க்கலாம். ஹாம்லெட் பிறந்த நாளும் அந்தச் சண்டை நடந்த நாளும் ஒன்று என்பது ஐந்தாம் அங்கத்தில் குழிவெட்டுபவன் வாயிலிருந்து வரும். இப்போது சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

நேரம் போதாவிட்டால் சீசர் காலத்து ரோமின் துர்ச்சகுனங்களைப் பேசும் பகுதியைத் தாண்டலாம். 1623இல் வந்த ஃபோலியோவிலேயே (ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு) அது கிடையாது. உங்கள் மாணவர்கள் கையில் இருக்கும் பதிப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வரி எண்கள் உதைக்கும்.

ஆவியை ஈட்டியால் குத்தப்போய், இங்கே, இங்கே, போய்விட்டது என்று காற்றில் அடிக்கும் இடத்தில் வகுப்பு சிரித்தால் தடுக்காதீர்கள். அடித்தது தப்பு என்று அடுத்த வரியில் மார்செலஸே சொல்லிவிடுகிறான்.

கடைசிக் கேள்வியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். இவர்கள் மன்னனின் காவலர்கள். பெர்னார்டோ வாய் திறந்து சொன்ன இரண்டாவது பேச்சே 'மன்னர் நீடூழி வாழ்க' என்பது. இறந்த மன்னன் போர்க்கவசத்தோடு கோட்டையில் நடக்கிறான், எல்லையில் போர் மூளுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்லவேண்டும்? இளைய ஹாம்லெட்டிடம் சொல்வோம் என்று ஹொரேஷியோ சொன்னதும் மார்செலஸ் உடனே ஒத்துக்கொள்கிறான். அரியணையில் இருப்பவரிடம் சொல்வோமா என்ற பேச்சே எழவில்லை. ஏன் என்று ஒரு பக்கம் எழுதிவரட்டும். இரண்டாம் காட்சியில் அந்த மன்னன் அவையில் பேசத் தொடங்கும்போது அந்தப் பக்கம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

தேர்வுக்கான சூழல் குறிப்புகளை மூன்றாம் வகுப்புக்குப் பிறகு கொடுங்கள். அரிஸ்டாட்டிலை ஐந்தாம் அங்கம் முடித்துவிட்டு எடுத்தால் போதும்.